பிடித்த மீனை விட்டவர்கள்

மீன் பிடிப்பது எதற்காக? குழம்பு வைக்க. இல்லாவிட்டால் சந்தையில் விற்க. வேறு எதற்கு?

நாள் முழுவதும் வெயிலில் காய்ந்து ஒருவன் மீன் பிடிக்கிறான். பிடித்த மீனை மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறான். இதைக் கேட்டால் ஊரார் என்ன சொல்வார்கள்? "பாவம், புத்தி பேதலித்துவிட்டது" என்பார்கள்.

ஆனால், அப்படி மீன் பிடித்தவர்கள் காவிரிக் கரையில் இருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள். பிடித்தார்கள், எடை பார்த்தார்கள், நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள், மீனைத் தண்ணீரில் விட்டார்கள். பல ஆண்டுகள் இதையே செய்தார்கள்.

அவர்கள் எழுதி வைத்த கணக்கு இன்று பெரிய உதவியாக இருக்கிறது. உலகத்திலேயே காவிரியில் மட்டும் வாழும் ஒரு மீன், யாருக்கும் தெரியாமல் அழிந்துகொண்டிருந்தது. அதை வெளியே சொன்னது அந்தக் கணக்குத்தான்.

ஆற்றில் ஒரு யானை

அந்த மீனின் பெயர் மகசீர். கெண்டை இனத்தைச் சேர்ந்தது. ஆனால், குளத்துக் கெண்டையை நினைத்துக்கொள்ளாதீர்கள். குளத்துக் கெண்டை ஆட்டுக்குட்டி என்றால் இது யானை!

1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் ஒரு மகசீரைப் பிடித்தார். அதன் எடை 120 ராத்தல். அதாவது 54 கிலோ. ஒரு வளர்ந்த மனிதனின் எடை! தூண்டிலில் சிக்கிய மகசீர்களில் மிகப் பெரியது என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மகசீரின் செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். உதடு தடித்திருக்கும். வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள்தான் பல் இருக்கிறது. நண்டு, நத்தை எல்லாவற்றையும் அங்கே வைத்து நொறுக்கிவிடும். கரையோரத்து மரத்திலிருந்து விழும் பழத்தையும் தின்னும்.

பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் நீர்தான் அதற்குப் பிடித்த இடம். புதுவெள்ளம் வந்தால் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். சரளைக்கல் நிறைந்த இடம் பார்த்து முட்டையிடும்.

மகசீர்களில் பல வகை உண்டு. காவிரிக்கே உரிய வகைக்கு முதுகில் ஒரு திமில் இருக்கும். தலைக்குப் பின்னால் முதுகு சட்டென்று மேடாக எழும். ஆகவே இதைத் 'திமில் மகசீர்' என்று சொல்லலாம். துடுப்புகள் செம்மஞ்சளாக ஒளிவீசும்.

மகசீரைத் தூண்டிலில் பிடிப்பது இந்நாட்டில் புதிது அல்ல. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 'மானசோல்லாசம்' என்ற நூலை இயற்றினான். அதிலேயே தூண்டில் விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறான். எந்த மீனுக்கு என்ன இரை என்று விவரமாகச் சொல்கிறான்.

கேழ்வரகு உருண்டையும் தராசும்

1970-களில் திமில் மகசீர் அற்றே போயிற்று என்று பலர் எண்ணினார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து மூன்று இளைஞர்கள் வந்தார்கள். காவிரியில் தூண்டில் போட்டார்கள். பெரிய பெரிய மகசீர்கள் கிடைத்தன. செய்தி உலகமெல்லாம் பரவியது.

அதற்குப் பிறகு பல நாடுகளிலிருந்தும் தூண்டில்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே, மேகதாட்டுக்கு மேலே, காவிரி காட்டுக்குள் ஓடுகிறது. அங்கே பீமேசுவரி, காலிபோர், தொட்டமக்காலி ஆகிய இடங்களில் முகாம்கள் ஏற்பட்டன.

அங்கே ஒரு விதி உண்டு. பிடித்த மீனைக் கொல்லக்கூடாது. திரும்ப விட்டே தீர வேண்டும்.

தூண்டில்காரர் பரிசலில் ஏறுவார். கூட உள்ளூர் வழிகாட்டி ஒருவர் வருவார். கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி முள்ளில் மாட்டுவார்கள். ஓடும் நீரில் எறிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். சில நாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒன்றும் கிடைக்காது. சில நாள் ஒரே இழுப்பில் கோல் வில்லாக வளையும்!

மீன் கரைக்கு வந்ததும் வழிகாட்டி அதை நீரிலேயே பிடித்துக்கொள்வார். முள்ளைக் கழற்றுவார். எடை பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள். பிறகு மீனின் தலையை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி, தாங்கிப் பிடிப்பார். செவுள் ஒழுங்காக அசையும். வால் ஒருமுறை துள்ளும். மீன் போய்விடும்.

அந்த வழிகாட்டிகள் யார்? அவர்களில் சிலர் முன்பு ஆற்றில் தோட்டா போட்டு மீனைக் கொன்றவர்கள்! மீன் எந்த மடுவில் படுக்கும், எந்த நேரத்தில் இரை தேடும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு முன்பு மீனைக் கொன்றது. இப்போது அதே அறிவு சம்பளம் வாங்கித் தந்தது. செத்த மீன் ஒரு நாள் சோறு போடும். உயிருள்ள மீனோ ஆண்டு முழுவதும் சோறு போட்டது.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

முகாமில் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. இன்று எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள்? எத்தனை மீன் சிக்கின? ஒவ்வொன்றும் என்ன எடை? என்ன வகை? எல்லாவற்றையும் அதில் எழுதினார்கள்.

எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். விடுமுறைக்கு வந்தவர்கள். யாரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவர்கள்தான் கைக்காசு செலவழித்து வந்தார்கள்.

இங்கிலாந்தின் போர்ன்மத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஆட்ரியன் பிண்டர், கேரளத்து மீன் ஆராய்ச்சியாளர் ராஜீவ் ராகவன் முதலியோர் காலிபோர் முகாமின் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார்கள். 1998 முதல் 2012 வரை உள்ள கணக்கைக் கூட்டினார்கள். 2015-ல் முடிவை வெளியிட்டார்கள்.

தூண்டில் போட்ட நேரம் 23,620 மணி. சிக்கிய மகசீர்கள் 6,161. அவற்றில் மிகச் சிறியது ஒரு ராத்தல். மிகப் பெரியது 104 ராத்தல், அதாவது சுமார் 47 கிலோ.

23,620 மணி என்றால் எவ்வளவு? ஒரே ஆள் இரவு பகல் தூங்காமல் உட்கார்ந்தால் இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகும். எந்தப் பல்கலைக்கழகம் இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியும்?

மீனை எண்ணுவது எளிய காரியம் அல்ல. ஆட்டை எண்ணலாம், மாட்டை எண்ணலாம், காட்டு யானையைக்கூட எண்ணிவிடலாம். கலங்கல் நீருக்குள் பாறை இடுக்கில் இருக்கும் மீனை எப்படி எண்ணுவது? வலை போட்டால் பாறை கிழித்துவிடும்.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழி பார்க்கிறார்கள். ஒரு மீன் பிடிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள். நேரம் குறைந்துகொண்டே வந்தால் மீன் பெருகுகிறது. நேரம் கூடிக்கொண்டே போனால் மீன் குறைகிறது. காலிபோர் கணக்கில் சராசரியாக ஒரு மீனுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று.

ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. மீன் சிக்காத நாளையும் எழுத வேண்டும். சிக்கிய நாளை மட்டும் எழுதினால் அது கணக்கு அல்ல, தம்பட்டம்!

மகிழ்ச்சியில் ஒளிந்திருந்த துக்கம்

கணக்கு என்ன சொல்லிற்று?

ஆண்டுகள் செல்லச் செல்ல, மணிக்கு மணி அதிக மீன் சிக்கிற்று. கேட்டவுடன் மகிழ்ச்சியாக இருக்கிறது அல்லவா? காவல் போட்டதால் மகசீர் பெருகிவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அடுத்த வரியைப் பாருங்கள். மீன்களின் எடை குறைந்துகொண்டே வந்தது. இது ஏன்?

அதற்கும் அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது. தூண்டில்காரர்கள் மீனின் வகையையும் எழுதியிருந்தார்கள் அல்லவா? சிக்கிய கூட்டத்தில் பெரும்பாலானவை திமில் மகசீர் அல்ல. 'நீலத்துடுப்பு மகசீர்' என்ற வேறு வகை! திமில் மகசீர் அருகிப்போய்விட்டது. கிடைத்த ஒன்றிரண்டும் பெரிய, வயதான மீன்கள். இளம் மீன்களைக் காணவே முடியவில்லை.

ஒரு வீட்டில் தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளை இல்லை, பேரன் இல்லை. அந்தக் குடும்பத்தின் கதி என்ன? திமில் மகசீரின் கதியும் அதுதான்.

'மகசீர்' என்று மட்டும் எழுதி விட்டிருந்தால் இது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. மொத்தக் கணக்கு ஏறிக்கொண்டே போயிருக்கும். எல்லாரும் கைதட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள். காவிரியின் சொந்த மீன் கடைசி மூச்சை விட்டிருக்கும்!

நல்ல எண்ணம் செய்த தீங்கு

நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்கு எப்படி வந்தது? தானாக வரவில்லை. மனிதன்தான் கொண்டுவந்து விட்டான்.

அது கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து மீன். மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் ஒரு பண்ணை உண்டு. அங்கே அதன் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்தார்கள். 1970-களின் பிற்பகுதி முதல் அந்தக் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன.

விட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். "காவிரியில் மகசீர் குறைகிறது, இதோ மகசீர்க் குஞ்சு இருக்கிறது, விடுவோம்" என்று நினைத்தார்கள். எல்லா மகசீரும் ஒன்றுதான் என்று அன்று எண்ணினார்கள். தூண்டில் சங்கத்தாரும் அதற்குத் துணை நின்றார்கள்.

விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டான். இரைக்கும் இடத்துக்கும் போட்டி வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

எல்லாப் பழியையும் அந்த மீன்மீது போட்டுவிடலாமா? கூடாது. அணைகள் மீன் மேலே ஏறும் வழியை அடைத்தன. முட்டையிடும் இடத்தில் மணல் அள்ளினார்கள். கோடையில் ஆறு வற்றிற்று. தோட்டாவும் நஞ்சும் தாய்மீனையும் குஞ்சையும் ஒன்றாகக் கொன்றன. இத்தனையும் சேர்ந்துதான் திமில் மகசீரை மூலையில் தள்ளின.

பெயர் இல்லாத மீன்

இன்னொரு வேடிக்கை! இத்தனை புகழ் பெற்ற மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயரே நெடுங்காலம் இல்லை. வேறு ஒரு மீனின் பெயரை வைத்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன? மீன் நீந்தாதா? நீந்தும். ஆனால், அழியும் உயிர்களின் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. பெயர் இல்லாத பிள்ளைக்கு ரேஷன் கார்டில் இடம் உண்டா?

2018-ல் விடை கிடைத்தது. விடை கிடைத்த இடம் தமிழ்நாடு! நீலகிரியிலிருந்து வரும் மாயாறு பவானியில் சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. அந்த மாயாற்றில் திமில் மகசீர் இன்னும் இருந்தது. அங்கே கிடைத்த மீன்களை ஆராய்ந்தார்கள். தூண்டில்காரர்கள் எடுத்த பழைய படங்களையும் ஒப்பிட்டார்கள்.

கேரளத்திலிருந்து அமராவதிக்கு வரும் பாம்பாற்றில் கண்ட ஒரு மகசீருக்கு முன்பே 'டோர் ரமாதேவியை' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரமாதேவி என்ற பெண் விஞ்ஞானியைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. அந்த மீனும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்று தெரிந்தது.

பெயர் கிடைத்த அதே 2018-ல், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. 'அழிவின் விளிம்பில் உள்ளது' என்ற வரிசையில்! அந்த வரிசைக்கு அடுத்த படி, காட்டிலும் ஆற்றிலும் இல்லாமலே போவதுதான்.

தூண்டில் நின்றது, கணக்கும் நின்றது

காலிபோர்ப் புத்தகம் 2012-உடன் முடிகிறது. ஏன்?

அந்த முகாம்கள் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்தன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் ஒரு விலங்கைப் பிடிப்பதும் வேட்டைதான். பிடித்துத் திரும்ப விட்டாலும் வேட்டைதான். ஆகவே தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது.

சட்டத்தின் நோக்கம் நல்லது. அதில் சந்தேகம் இல்லை. காட்டுக்குள் விளையாட்டுக்காக உயிர்களைத் துன்புறுத்த இடம் கொடுத்தால், இன்று மீன், நாளை மான் என்று போகும். "ஏழை வலை போட்டால் குற்றம், பணக்காரன் தூண்டில் போட்டால் விளையாட்டா?" என்ற கேள்வியும் நியாயமான கேள்விதான்.

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தூண்டில்காரர்கள் கொடுத்த பணத்தில்தான் ஆற்றுக்குக் காவல் இருந்தது. பரிசல்கள் நாள்தோறும் போய் வந்த இடத்தில் தோட்டா போட எவனுக்கும் துணிவு வராது. வழிகாட்டிகளுக்கு வேலை இருந்தது. தூண்டில் விளையாட்டு மகசீரைக் காக்கத் துணை செய்கிறது என்று 2013-லேயே பிண்டரும் ராஜீவ் ராகவனும் எழுதினார்கள்.

தூண்டில் நின்றபோது இவை மட்டும் நிற்கவில்லை. கணக்கும் நின்றது. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த கை எடுக்கப்பட்டது. நோயோ தீரவில்லை.

விட்ட மீன் பிழைக்குமா?

வாயில் முள் குத்திய மீன் பிழைக்குமா? இதையும் காவிரியிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், தூண்டிலில் சிக்கிய நீலத்துடுப்பு மகசீர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். விட்ட பிறகு எப்படி நீந்துகிறது என்று கவனித்தார்கள். பெரும்பாலும் மீன்கள் தாக்குப்பிடித்தன. ஆனால், நெடுநேரம் போராடிய மீன் அதிகம் களைத்தது. நீருக்கு வெளியே அதிகம் வைத்திருந்த மீன் அதிகம் தளர்ந்தது.

மீனுக்கு நீரில்தான் மூச்சு. அதை வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு படம்" என்பது, ஒரு மனிதனின் தலையை நீருக்குள் அமுக்கிக்கொண்டு, "கொஞ்சம் சிரி" என்பது போல!

ஆகவே திரும்ப விடுவதற்கும் முறை உண்டு:

முள்ளில் எதிர்க்கொம்பு இருக்கக்கூடாது. இருந்தால் கழற்றும்போது சதை கிழியும்.

நரம்பு உறுதியாக இருக்க வேண்டும். மீனைச் சீக்கிரம் கரைசேர்த்துவிடலாம்.

கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடலில் உள்ள வழவழப்பைத் துடைத்துவிடும். அந்த வழவழப்புத்தான் அதற்கு நோய் வராமல் காக்கும் சட்டை.

எடையும் அளவும் நீரை ஒட்டியே, விரைவாகப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சுடும் கோடை நண்பகலில் தூண்டில் போடக்கூடாது. சூடான நீரில் பிராணவாயு குறைவு. களைத்த மீன் தேறாது.

கடல் கடந்த சீட்டு

சாதாரண மக்கள் விஞ்ஞானத்துக்கு உதவுவது மற்ற நாடுகளிலும் நடக்கிறது. 1954-ல் அமெரிக்காவில் உட்ஸ் ஹோல் என்ற ஊரின் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் பிராங்க் மேதர் என்ற விஞ்ஞானி ஒரு திட்டம் தொடங்கினார். தூண்டில்காரர்களிடம் சிறு அடையாளச் சீட்டுகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். பிடித்த பெரிய சூரை மீனின் முதுகில் அதைக் குத்தி, கடலில் விட வேண்டும். எந்த இடம், எந்த நாள் என்று எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு அந்த மீன் வேறு எவர் கையிலாவது சிக்கும். அவர் எண்ணைப் பார்த்து எழுதிப் போடுவார். எங்கிருந்து எங்கே போயிற்று, எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துவிடும். அமெரிக்கக் கரையில் விட்ட சூரைகள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஐரோப்பாப் பக்கம் சிக்கின! அமெரிக்க மீன், ஐரோப்பிய மீன் என்று மனிதன் பிரித்து வைத்திருந்தான். மீனுக்கு அந்தப் பிரிவு தெரியவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, திமில் மகசீர் இருக்கும் ஆறுகளில் மறுபடியும் கணக்கு எடுக்க வேண்டும். அதற்குத் தூண்டில்தான் சரியான வழி என்று விஞ்ஞானிகள் சொன்னால், அரசாங்கம் அனுமதி தரலாம். யாருக்கு? கேளிக்கைக்கு வருகிறவனுக்கு அல்ல. முறை பழகிய தொண்டர்களுக்கு. எத்தனை பேர், எத்தனை நாள் என்று வரம்பு இருக்க வேண்டும். முட்டையிடும் காலத்தில் கூடாது. பக்கத்தில் வனத்துறையும் ஆராய்ச்சியாளரும் இருக்க வேண்டும். எழுதாதவனுக்கு மறுமுறை அனுமதி கூடாது. வேடிக்கைக்காக மட்டும் மீன் வாயில் முள் குத்துவது கொடுமை. அந்த மீனின் குலத்தையே காப்பதற்காக, குறைந்த துன்பத்தோடு செய்வது வைத்தியம். ஊசி போடுவதும் குத்துவதுதான்!

இரண்டாவது, வெளியாற்று மீன் குஞ்சுகளைக் காவிரியிலும் அதன் கிளைகளிலும் விடக்கூடாது. மாயாற்றிலும் பாம்பாற்றிலும் எந்தக் காரணத்தைக் கொண்டும் விடக்கூடாது. திமில் மகசீருக்கு மிஞ்சியிருப்பது சில புகலிடங்கள்தான். நல்ல எண்ணத்தோடு வந்தாலும், குஞ்சு வாளியோடு வருபவரைத் தடுத்து, "எந்த ஆற்று மீன்?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, தோட்டா போடுவதையும் நஞ்சு கலப்பதையும் ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும். ஒரு தோட்டா ஒரு மடுவைச் சுடுகாடாக்கிவிடும். பெரிய மீனோடு பொடி மீனும் சாகும். இன்று ஒருவன் கூடை நிறையும். நாளை பத்துக் குடும்பத்தின் வலை காலியாக வரும்.

நாலாவது, ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் பவானிசாகரிலும் பரிசல் ஓட்டி வலை போடும் மீனவர்களைக் கேட்க வேண்டும். ஆற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஏட்டில் இல்லை. திமில் உள்ள மீனைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? எந்த மடுவில்? எவ்வளவு பெரியது? தூண்டில் சங்கத்தார் எழுதினால் ஆராய்ச்சிக்கு உதவும் என்றால், மீனவர் சொல்வதும் உதவும். அவருக்கு எழுத வராவிட்டால் என்ன? பள்ளிக்கூடம் போகும் அவர் மகள் எழுதமாட்டாளா? தேதி, இடம், வகை, எடை. நாலே வரிதான். அந்த வேலைக்கு அரசாங்கம் ஒரு சிறு ஊதியமும் கொடுக்கலாம்.

எழுத்து எதற்குப் பயன்படும் என்று சிலர் கேட்கிறார்கள். கடிதம் எழுதப் பயன்படும். கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்கப் பயன்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆற்றையே காப்பாற்றவும் பயன்படும் என்பதைக் காலிபோர் முகாமின் பழைய புத்தகங்கள் காட்டுகின்றன. அன்றைக்கு எழுதியவர்களுக்குத் தாங்கள் பெரிய காரியம் செய்கிறோம் என்று தெரியாது. மீன் சிக்கியது, எழுதினார்கள். சிக்கவில்லை, அதையும் எழுதினார்கள். பொய் எழுதவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

யானை செத்தால் ஊர் கூடி அழும். புலி செத்தால் செய்தி வரும். நீருக்குள் இருக்கும் மீன் செத்தால் பார்ப்பவர் இல்லை, அழுவாரும் இல்லை. அதற்காக ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்க வேண்டும்.

காவிரிக்குப் பங்கு கேட்டு வழக்காடும் மாநிலங்கள் உண்டு. அந்த வழக்கில் மீனுக்கு வக்கீல் இல்லை. ஆனால், காவிரியில் முதலில் குடியிருந்தது அதுதான். அதன் வீட்டில் அதற்கும் கொஞ்சம் தண்ணீரும், கொஞ்சம் சரளைக்கல்லும், கொஞ்சம் அமைதியும் விட்டுவைப்பது தருமம் அல்ல, நியாயம்.